56 ரூபாயா, 38 ரூபாயா? நம்ம நாட்டுப் பங்குகளுக்கு ஒப்ஷன் சூத்திரம் எவ்வளவு செல்லும்?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா வேலை செய்வது கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு கம்பனியில். 2022 கடைசியில் அக்காவுக்கு ஊழியர் பங்கு ஒப்ஷன் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து, அன்றைய விலை என்னவாக இருந்தாலும், ஒரு பங்கை 100 ரூபாய்க்கு வாங்கலாம். கொடுத்த நாளில் பங்கின் விலையும் 100. ஒவ்வொரு ஒப்ஷனின் 'நியாயப் பெறுமதி' 56 ரூபாய் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். 2024இல் சேர்ந்த ஒருவருக்கும் அதே நிபந்தனை, பங்கு விலையும் அதே 100. ஆனால் அவருடைய கடிதத்தில் 38 ரூபாய் 60 சதம். இரண்டையும் ஒப்ஷனுக்கு விலை சொல்லும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். "இந்தச் சூத்திரம் அமெரிக்காவுக்கு மட்டும்தானா? நம்ம மாதிரி நாடுகளுக்குச் சரிவராதா?" என்பது தம்பியின் கேள்வி.

சரி, முதலில் அந்தப் பதினேழு ரூபாய் எங்கே போனதென்று பார்ப்போம். தம்பி அனுப்பிய விபரப்படி இரண்டு கடிதத்திலும் தளம்பல் (பங்கின் விலை வருடத்துக்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) 40%, பங்கிலாபம் பூச்சியம். மாறியது வட்டி மட்டும்: முதல் கடிதத்தில் 25%, இரண்டாவதில் 10%. எக்செல்லில் போட்டுப் பார்த்தால் இரண்டு விலையும் சொன்னபடியே வருகின்றன. கணக்கில் பிழை இல்லை. 100 ரூபாயை மூன்று வருடம் கழித்துக் கட்டலாம் என்பதுதான் இந்த உரிமையின் பெரும்பகுதி. சூத்திரம் செய்வதுபோல் வட்டியைத் தொடர்ச்சியாகக் கூட்டினால், 25% வட்டியில் மூன்று வருடம் கழித்துக் கட்டும் 100 ரூபாயின் இன்றைய பெறுமதி வெறும் 47. 10% வட்டியில் அது 74. வட்டி ஏறினால் கட்டுவதைத் தள்ளிப்போடும் உரிமைக்கு மதிப்பும் ஏறும்.

ஒப்ஷன் பாடத்தில் எங்களுக்கெல்லாம் தளம்பல்தான் முக்கியம், வட்டி ஒரு சின்ன விடயம் என்றுதான் சொல்லித் தந்தார்கள். வட்டி நாலைந்து வீதத்துக்குள் அடங்கியிருக்கும் நாடுகளில், சில மாதத்தில் முடியும் ஒப்ஷனுக்கு அது சரிதான். இங்கே கதை வேறு. அதே உதாரணத்தில் வட்டியை 10%இல் வைத்துக்கொண்டு தளம்பலை 40இலிருந்து 60க்கு ஏற்றினால் விலை 48 ரூபாய் 80 சதம் அளவில் வரும், அதாவது பத்து ரூபாய் கூடும். வட்டியை 10இலிருந்து 25க்கு ஏற்றியதற்கோ பதினேழு ரூபாய் கூடிவிட்டது. நம்மிடம் பேசப்படாத வட்டிதான் விலையை அதிகம் ஆட்டுகிறது.

அப்படியென்றால் 2022இன் 25% எப்படிப்பட்ட வட்டி? அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதே மாதம் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை அரசாங்கம் நிறுத்தியது. வருட இறுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலின் (அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) வட்டி 30%ஐத் தாண்டி நின்றது. அந்த வட்டிக்குள் பணவீக்கம் இருந்தது, 'அரசாங்கமே கடனை மறுசீரமைத்துவிடுமோ' என்ற பயமும் இருந்தது. பயம் வீணானதும் இல்லை. 2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. பொதுமக்கள் வைத்திருந்த திறைசேரி உண்டியல்களில் கைவைக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளை (நீண்டகாலக் கடன் பத்திரங்களை) வட்டி குறைந்த, தவணை நீண்ட புதிய முறிகளாக மாற்றினார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் சேமலாப நிதியும் அதற்குள்தான் இருந்தது.

பிளாக்-ஷோல்ஸ் கேட்பது 'இடர் இல்லாத வட்டி'. நாம் கொடுத்தது பயம் கலந்த வட்டி. சூத்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அரசாங்கம் கட்டாமல் போகலாம் என்பதற்காகக் கேட்கப்பட்ட கூடுதல் வீதத்தையும், நிச்சயமாகக் கிடைக்கும் வருமானம் என்றே எடுத்துக்கொண்டு ஒப்ஷனின் விலையை ஏற்றிவிட்டது. நாடு மூழ்க மூழ்க அக்காவின் ஒப்ஷன் பெறுமதி கூடியதற்கு இதுதான் காரணம். கணக்கீட்டு நியமத்தை எழுதியவர்களுக்கும் இது தெரியும். பங்கு அடிப்படையிலான கொடுப்பனவுகளுக்கான நியமம், நம்ம நாட்டில் எஸ்எல்எஃப்ஆர்எஸ் 2, வழக்கமாக அரசாங்கப் பத்திரத்தின் வட்டியை எடுக்கச் சொல்கிறது. உயர் பணவீக்கம் போன்ற சூழலில் அந்த வட்டி இடரற்ற வட்டியைக் காட்டாவிட்டால் பொருத்தமான மாற்று ஒன்றை எடுக்கலாம் என்றும் சொல்கிறது. எந்த மொடலைப் பாவிக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதுமில்லை. அந்த மாற்றைத் தேடிப் பிடிப்பது சிரமம், திறைசேரியின் எண்ணைப் போடுவது சுலபம். பெரும்பாலும் சுலபமானதே நடக்கும்.

இந்த ஏமாற்றம் நமக்கு மட்டும் நடந்ததல்ல. பிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் சூத்திரத்தை வெளியிட்டது 1973இல். அதை விரிவுபடுத்திய ராபர்ட் மெர்ட்டனுக்கும் ஷோல்ஸுக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். பரிசு வாங்கிய அடுத்த வருடம், 1998 ஆகஸ்டில், ரஷ்யா தன் சொந்த ரூபிள் கடனையே கட்டாமல் விட்டது. அதிலிருந்து கிளம்பிய சந்தைக் குழப்பத்தில் மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்காளிகளாக இருந்த முதலீட்டு நிதி கவிழ்ந்தது. சொந்தப் பணத்தை அச்சடிக்கும் அரசாங்கம் சொந்தப் பணக் கடனைக் கட்டாமல் விடாது என்று அன்றைக்குப் பலர் நம்பியிருந்தார்கள்.

இனி மொடலின் அடித்தளத்துக்கு வருவோம். ஒரு ஒப்ஷனை விற்றவர் அதற்கு ஈடாகப் பங்கை வாங்கி வைத்து, விலை ஏறும்போது கொஞ்சம் கூட்டி, இறங்கும்போது கொஞ்சம் குறைத்து வந்தால், கடைசியில் கொடுக்க வேண்டிய தொகை கையில் தயாராக இருக்கும். அந்த வாங்கல் விற்றலுக்கு ஆகும் செலவே ஒப்ஷனின் விலை. இது நடக்க வேண்டுமானால் பங்கு எப்போதும் வாங்க விற்கக் கூடியதாக இருக்க வேண்டும், கட்டணம் இருக்கக் கூடாது, இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்க முடிய வேண்டும், விலை துள்ளாமல் நகர வேண்டும். நியூயோர்க்கில் இவை முக்கால்வாசியாவது உண்மை.

மும்பையிலும் ஓரளவு உண்மைதான். அதனால் 'வளரும் சந்தை' என்று எல்லா நாட்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. இந்தியத் தேசிய பங்குச் சந்தையில் நிஃப்டி சுட்டெண் ஒப்ஷன் 2001 ஜூன் 4இல் தொடங்கியது, அடுத்த மாதமே தனிப் பங்கு ஒப்ஷன்களும் வந்தன. 2019இலிருந்து ஒப்பந்த எண்ணிக்கையில் உலகத்திலேயே மிகப் பெரிய சந்தை அதுதான். தனிப் பங்கு ஒப்ஷன்கள் ஆரம்பத்தில் எப்போது வேண்டுமானாலும் பிரயோகிக்கக்கூடிய (அதாவது உரிமையைப் பயன்படுத்தக்கூடிய) 'அமெரிக்க' வகையாக இருந்தன. 2011இலிருந்து முடிவு நாளில் மட்டும் பிரயோகிக்கும் 'ஐரோப்பிய' வகைக்கு மாற்றினார்கள். பிளாக்-ஷோல்ஸ் எழுதப்பட்டதே இந்த இரண்டாவது வகைக்கு. அங்கே அனுபவசாலிகள் பங்கு விலையையும் திறைசேரி வட்டியையும் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஃபியூச்சர்ஸ் (பின்னொரு திகதியில் வாங்க விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) விலையை எடுத்து, பிளாக் 1976இல் தந்த வடிவத்தில் போடுகிறார்கள். வட்டி, பங்கிலாபம், பங்கைக் கடன் வாங்கும் சிரமம் எல்லாம் ஃபியூச்சர்ஸ் விலைக்குள்ளேயே அடங்கிவிடும்.

சூத்திரத்தின் விலையும் சந்தை விலையும் அங்கே பொருந்துகின்றனவா? ஒப்பந்த விலை (அக்காவின் 100 ரூபாய் போன்றது) இன்றைய பங்கு விலைக்குப் பக்கத்தில் உள்ள, ஓரிரு மாதத்தில் முடியும் ஒப்ஷன்களுக்கு நன்றாகவே பொருந்தும். விலையிலிருந்து தூரத்தில் உள்ளவற்றுக்கும், முடிய ஓரிரு நாளே இருப்பவற்றுக்கும் பொருந்தாது. ஆனால் இதை வளரும் சந்தையின் வியாதி என்று சொல்ல முடியாது. 1987 அக்டோபர் 19இல் டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6% விழுந்த பிறகு அமெரிக்காவிலும் இதே கோணல்தான். விழுந்தால் காப்பாற்றும் ஒப்ஷன்களுக்குச் சூத்திரம் சொல்வதைவிட அதிக விலை கொடுக்க ஆட்கள் தயாராகிவிட்டார்கள். நாள் குறித்து வரும் அதிர்ச்சியையும் உயிருள்ள ஒப்ஷன் சந்தை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடும். 2024 இந்தியத் தேர்தல் முடிவுக்கு முந்தைய வாரங்களில் தளம்பலை அளக்கும் இந்தியா விக்ஸ் ஏறிக்கொண்டே போனது. ஜூன் 4 அன்று நிஃப்டி ஏறக்குறைய 6% விழுந்தது. அப்படிப்பட்ட சந்தையில் விலையைத் தீர்மானிப்பது வாங்குபவரும் விற்பவரும். சூத்திரம் அந்த விலையைத் தளம்பல் எண்ணாக மாற்றிக் காட்டும், அவ்வளவுதான்.

கொழும்பில் அந்த வசதி இல்லை. பங்கு ஒப்ஷன்கள் பட்டியலிட்டு வர்த்தகமாவதில்லை. எப்போதாவது வொரன்ட் (கம்பனியே வெளியிடும், சந்தையில் விற்கக்கூடிய ஒப்ஷன்) வரும்; ஜோன் கீல்ஸ் 2013இல் உரிமைப் பங்கு வெளியிட்டபோது 2015, 2016இல் முதிரும் வொரன்ட்களையும் சேர்த்துக் கொடுத்தது. வொரன்டுக்குச் சந்தையில் ஒரு விலை தெரியும். ஆனால் அது அதிகம் என்று ஒருவருக்குத் தோன்றினாலும், கையில் இல்லாததைக் கடன் வாங்கி விற்று அதைக் கீழே கொண்டுவருவது இங்கே நடைமுறையில் எளிதல்ல. அதனால் பிழையான விலை பிழையாகவே நிற்கலாம்.

அப்புறம் கட்டணம். கொழும்பில் 100 மில்லியன் ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்கு எல்லாம் சேர்த்து 1.12%. வாங்கி விற்றால் 2.24%. இந்தக் கட்டணத்தைச் சூத்திரத்துக்குள் கொண்டுவர ஹெய்ன் லீலண்ட் 1985இல் ஒரு வழி சொன்னார்: விற்பவர் தளம்பலைக் கொஞ்சம் கூட்டியும் வாங்குபவர் கொஞ்சம் குறைத்தும் கணக்கிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பங்கைச் சரிசெய்வதாக வைத்து நம்ம உதாரணத்தில் போட்டால், விற்பவருக்கு 40% தளம்பல் 46% ஆகிறது, வாங்குபவருக்கு 33% ஆகிறது. 10% வட்டியில் விலை 35 ரூபாய்க்கும் 41 ரூபாய் 70 சதத்துக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். கடிதத்தில் '38.60' என்று சதம் வரை எழுதுவது எவ்வளவு அர்த்தமுள்ளது என்று நீங்களே யோசியுங்கள். சந்தை மூடிக்கிடந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. 2020 மார்ச் 20இலிருந்து மே 11 வரை கொழும்பு சந்தை திறக்கவில்லை. 2022 ஏப்ரலில் ஒரு முழு வாரம் மூடினார்கள். திறந்த 25ஆம் திகதியும் விலைகள் விழுந்து வர்த்தகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வாங்கி விற்று ஈடுகட்டுகிறேன் என்று உட்கார்ந்திருந்தவர் அந்த நாட்களில் என்ன செய்திருக்க முடியும்?

ஆனால் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிவது தளம்பலை அளப்பதுதான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு சரியாக இருந்தும் மழை நாளில் நிறை சரியாக வராது, கொழுந்தோடு தண்ணீரும் ஏறும். மொடலுக்கும் நாம் ஏற்றுவதைத்தான் நிறுக்கத் தெரியும். நம்ம பக்கத்துப் பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகளையே எடுங்கள். 1992இல் தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு பட்டியலுக்கு வந்தவை: தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை, அகரபத்தனை என்று நம்ம ஊர்ப் பெயர்களைத் தாங்கியவை. இப்படிப்பட்ட பங்குகளில் அமைதியான ஒரு நாளில் திரையைப் பார்த்தால், வாங்கக் கேட்பவர் ஒரு விலையில் சில நூறு பங்குகளுக்கு நிற்பார், விற்கக் கேட்பவர் அதைவிட இரண்டு மூன்று ரூபாய் மேலே நிற்பார், நடுவில் ஒன்றுமிருக்காது. கடைசியாக நடந்த விலை நேற்றையதாகவோ முந்தாநாளையதாகவோ இருக்கும்.

அந்த விலையை வைத்துத் தினசரி மாற்றத்தைக் கணக்கிட்டால் பூச்சியம், பூச்சியம், பூச்சியம், திடீரென்று 8% என்று வரும். செய்தி வந்த நாளில் விலை அசைவதில்லை, யாராவது வாங்க வரும் நாளில்தான் அசைகிறது. ஒரு செய்தியின் தாக்கம் இரண்டு மூன்று நாட்களுக்குப் பரவி, ஒரே திசையில் சின்னச் சின்ன மாற்றங்களாகத் தெரியும். அப்போது தினசரித் தளம்பலை வருடத்துக்கு விரித்தால் உண்மையைவிடக் குறைவாக வரும். ஒரு பங்கின் தினசரித் தளம்பல் 1.5% என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 நாளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருடத்துக்கு 23%. அதே பங்கின் வாராந்தத் தளம்பல் 4.6% ஆக இருந்தால் 52இன் வர்க்கமூலத்தால் பெருக்கும்போது 33% வருகிறது. எதை நம்புவது? நான் வாரத்தையே எடுப்பேன், பங்கு மிகவும் மெதுவானதென்றால் மாதத்தை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வர்த்தகம் கொஞ்சம் நடந்தும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இடைவெளி அகலமான பங்குகளில், கடைசி விலை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தாவுவதே தளம்பல் போலத் தெரிந்து எண்ணைக் கூட்டிவிடும். பங்கைப் பார்க்காமல் எக்செல்லை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டில் எது நடக்கிறதென்று தெரியாது.

அடுத்தது துள்ளல்கள், அதாவது விலை ஒரே பாய்ச்சலில் ஏறுவதும் இறங்குவதும். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் விலக்கினார்கள். 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 251 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. அதே வருடம் டொலர் 200 ரூபாய் பக்கத்திலிருந்து 360 வரை போனது, கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ரூபாயில் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஒரு அடி கீழே, ஒரு அடி மேலே. சம்பள விடயமும் அப்படித்தான். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளமாக 1,000 ரூபாய் வந்தது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 என்று அறிவித்தார்கள், ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அந்த வருடம் 1,350இல் வந்து நின்றது. செலவில் சம்பளமே பெரும்பங்காக உள்ள கம்பனிக்கு இந்த ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு துள்ளல்.

துள்ளலுக்கும் மொடல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மெர்ட்டன் 1976லேயே எழுதிவிட்டார். ஆனால் அவர் துள்ளல் எப்போது வேண்டுமானாலும் தற்செயலாக வரும், ஒரு கம்பனிக்கு வந்தால் மற்றக் கம்பனிக்கு வராது, ஆகவே பல பங்கை வைத்திருப்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டார். சம்பளப் பேச்சுவார்த்தை தற்செயலாக வருவதில்லை, எப்போது சூடுபிடிக்கும் என்று லயத்தில் இருப்பவருக்கே தெரியும். வந்தால் எல்லாப் பெருந்தோட்டக் கம்பனிக்கும் ஒன்றாக வரும். ரூபாய் விழுந்தாலும் அப்படித்தான். அதனால் அந்த மொடலை அப்படியே கொண்டுவந்து போடுவதில் எனக்குத் திருப்தி இல்லை.

தளம்பலையே அசைய விடும் ஹெஸ்டன் (1993) போன்ற மொடல்கள் அழகானவை. ஆனால் அவற்றின் ஐந்தாறு எண்களைப் பொருத்துவதற்கே ஒப்ஷன் சந்தை விலைகள் வேண்டும், கொழும்பில் அவை இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்ஷன் விலைகள் குவிந்து கிடக்கும் அமெரிக்காவிலேயே டூமா, பிளெமிங், வேலி ஆகிய மூவரும் எஸ் அண்ட் பி 500 (அமெரிக்கப் பெரிய கம்பனிகளின் சுட்டெண்) ஒப்ஷன்களை வைத்து 1998இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பங்கு விலையோடும் காலத்தோடும் தளம்பல் மாறுவதாக எடுக்கும் நுட்பமான மொடல்களை, போன வாரத் தளம்பல் வளைவைப் (ஒவ்வொரு ஒப்பந்த விலைக்கும் சந்தை காட்டிய தளம்பலை) பிளாக்-ஷோல்ஸில் ஒட்டிக் கணக்கிடும் கைவேலை முறையோடு ஒப்பிட்டார்கள். நுட்பமானவை கைவேலையை வெல்லவில்லை. மொடலை மாற்றுவதற்குச் செலவிடும் நேரத்தை எண்களைத் தேடுவதற்குச் செலவிடுவது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊழியர் ஒப்ஷனுக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் பரிந்துரைப்பேன். பல திட்டங்களில் முதல் சில வருடங்களுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பிரயோகிக்கலாம், ஆனால் யாருக்கும் விற்க முடியாது. கலியாணம், வீடு, பிள்ளையின் படிப்பு என்று வந்தால் மக்கள் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். பங்கிலாபமும் பெருந்தோட்டக் கம்பனிகளில் சீராக வராது, நல்ல வருடத்தில் கொட்டும், கெட்ட வருடத்தில் ஒன்றுமில்லை. இந்த இரண்டையும் படி படியாகப் போட்டுப் பார்க்க கொக்ஸ், ரொஸ், ரூபின்ஸ்டீன் 1979இல் தந்த ஈருறுப்பு மரம், அதாவது ஒவ்வொரு படியிலும் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று இரண்டாகக் கிளைவிடும் கணக்கு, வசதியானது. எக்செல்லிலேயே கட்டலாம்.

இனி அக்காவுக்கு. கடிதத்தில் உள்ள 56 ரூபாய், கம்பனி தன் கணக்குப் புத்தகத்தில் செலவாக எழுதும் எண். அந்த விலைக்கு அதை வாங்க வெளியில் யாரும் இல்லை. வேலையை விட்டுப் போனால் பொதுவாக ஒப்ஷனும் போய்விடும். மேலே சொன்ன எஸ்எல்எஃப்ஆர்எஸ் 2 நியமத்தின்படி, ஆட்கள் விலகிப் போவதை ஒப்ஷனின் விலையில் கழிப்பதில்லை, எத்தனை ஒப்ஷன் மிஞ்சும் என்ற எண்ணிக்கையில்தான் கழிப்பார்கள். ஆகவே தன் சொந்தக் கணக்குக்கு அக்கா இன்னும் குறைத்தே பார்க்க வேண்டும். சம்பளமும் ஒப்ஷனும் ஒரே கம்பனியிலிருந்து வருவதால் கம்பனி சறுக்கினால் இரண்டும் ஒன்றாகச் சறுக்கும் என்பதும் இருக்கிறது. மனிதவளப் பிரிவில் மூன்று விடயம் கேட்கச் சொல்லுங்கள்: தளம்பலைத் தினசரி விலையிலிருந்து எடுத்தார்களா வாராந்த விலையிலிருந்தா, எத்தனை வருடத்துக்கு, 2022ஐச் சேர்த்தா சேர்க்காமலா. வட்டியை நானாக இருந்தால் 10, 15, 25 என்று மூன்று தடவை போட்டுப் பார்த்து, நடுவில் உள்ளதற்குக் கொஞ்சம் கீழே மனதில் வைத்துக்கொள்வேன்.

உங்கள் கூட்டாளிகள் யாருக்காவது வெளிநாட்டுத் தாய்க் கம்பனியின் டொலர் பங்கில் ஒப்ஷன் கிடைத்திருந்தால் மேலே சொன்னதில் பாதி தேவையில்லை. அங்கே டொலர் வட்டியும் அந்தப் பங்கின் சொந்தத் தளம்பலும் போட வேண்டும், பங்குக்கு அமெரிக்காவில் ஒப்ஷன் சந்தை இருந்தால் தளம்பலை அதிலிருந்தே எடுக்கலாம். வந்த டொலர் விடையை அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாயாக்கினால் போதும். நம்ம திறைசேரி வட்டியை அந்தக் கணக்குக்குள் கொண்டுபோகாதீர்கள், அப்படிச் செய்த எக்செல் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.